பழைய மர டெக்: பிரஷர் வாஷர் அடிச்சு ஸ்டெயின் பூசினால் போதுமோ?

ஏஜாக்ஸ்_வளவு:

வணக்கம். ஒன்ராறியோவில் 1999இல் கட்டின வீடு, பின்வளவு டெக்கும் (மரத்தால் போட்ட திறந்த மேடை) அந்த வயதுதான். 12க்கு 16 அடி, நிலத்திலிருந்து நாலரை அடி உயரம், 16 அடிப் பக்கம் வீட்டோடு. வீட்டுச் சுவர் செங்கல். பலகை எல்லாம் நரைச்சுப் போச்சு, வடக்கு மூலையில் பாசி வழுக்குது, முந்தி யாரோ அடிச்ச பழுப்புப் பெயின்ற் தோல் தோலாக உரியுது. கறிவேப்பிலைச் சாடி இருந்த இடத்தில் கறுத்த வட்டம். ரெயிலிங் ஒரு பக்கம் லேசாக ஆடுது.

ஆகஸ்டில் பிள்ளையின் பிறந்தநாள், ஐம்பது பேர் வருவினம். பாபிகியூ, மீன் பொரியல் எல்லாம் டெக்கில்தான் எண்டு வீட்டில் முடிவு. அதுக்குள்ள பிரஷர் வாஷர் (தண்ணீரை அழுத்தி அடிக்கிற மெஷின்) வாடகைக்கு எடுத்து அடிச்சு, ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் குடுக்கிற பூச்சு) பூசினால் போதுமோ? எந்த ஸ்டெயின் நல்லம்? குளிர்காலத்தில் ஸ்னோவை அள்ள வேணுமோ, உப்புப் போடலாமோ எண்டும் சொல்லுங்கோ.

மார்க்கம்_தச்சர்:

தம்பி, மேலே என்ன பூசுவது என்பது கடைசிக் கேள்வி. முதலில் ஒரு டோர்ச்சும் கூரான ஸ்க்ரூட்ரைவரும் எடுத்துக்கொண்டு டெக்குக்குக் கீழே போங்கோ. ஆட்களைத் தாங்குவது நீங்கள் நடக்கிற பலகை இல்லை, கீழே குறுக்காகத் தாங்குகிற வளையும் தூணும் பூட்டும்தான். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாடி பால்கனி ஒன்று ஆட்களோடு முறிந்து ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே இறங்கின ஈரத்தில் தாங்குமரங்கள் உக்கியிருந்தன, மேலே நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

டெக் வீட்டோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கோ. சுவரோடு பூட்டின நீளப் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். அது ஆணியில் மட்டும் நின்றால் டெக்கில் யாரையும் ஏற்றாதேங்கோ: ஆணி மெல்ல மெல்லக் கழன்று வந்து ஒரு நாள் மொத்தமாக விடும். அரை அங்குலத் தடிப்பு போல்ட் அல்லது லாக் ஸ்க்ரூ (போல்ட் போலத் தடித்த மர ஸ்க்ரூ) இருக்கவேணும், மேலும் கீழுமாக மாறி மாறி. 12 அடி ஜொயிஸ்டுக்கு (பலகைக்குக் கீழே வரிசையாக ஓடுகிற தாங்குமரம்) லாக் ஸ்க்ரூ என்றால் 15 அங்குல இடைவெளிக்கு மேல் போகக்கூடாது. செங்கல் சுவரில் லெட்ஜரைப் பூட்டியிருந்தால் அதுவே பிழை. எங்கட பக்கத்து வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் தோல்தான், டெக்கின் சுமையைத் தாங்க அது கட்டப்படவில்லை.

பிறகு ஜொயிஸ்ட் ஹேங்கர்கள், அதாவது ஜொயிஸ்டின் முனையைத் தாங்குகிற இரும்புப் பூட்டுகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஹேங்கருக்கென்று விற்கிற கட்டை ஆணி இருக்கவேணும். கறுப்பு நிற ட்ரைவோல் ஸ்க்ரூ தெரிந்தால் கழற்றி மாற்றுங்கோ, அது பக்கவாட்டு இழுவையில் சட்டென்று முறியும்.

ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: தூணின் அடி, படிக்கட்டின் சாய்வுச் சட்டம் நிலத்தைத் தொடும் இடம், பலகைகளின் வெட்டுமுனை, சாடி இருந்த வட்டத்துக்கு நேர் கீழே ஜொயிஸ்டின் மேல் விளிம்பு. நல்ல மரம் ஸ்க்ரூட்ரைவரின் கூர்முனையை உள்ளே விடாது. கையால் அழுத்தும்போது கால் அங்குலத்துக்கு மேல் போனால் அது உக்கல். நெம்பிப் பாருங்கோ: நல்ல மரம் நீளச் சிராயாகக் கிளம்பும், உக்கினது சிறு சிறு கட்டியாக உதிரும்.

முக்கியமாக, வெயில் படாத அடிப்பக்கத்தில் மரம் பச்சையோ செம்பழுப்போ என்று பார்த்து எழுதுங்கோ. அதை வைத்துத்தான் கழுவுவதைப் பற்றிப் பேசலாம்.

மிச்சிகன்_வாசி:

தச்சர் சொன்னதை முதல்ல முடிச்சிடுங்க. கழுவுற வேலைக்கு என் பங்கு இது.

பிரஷர் வாஷர்தான் நிறைய டெக்கைக் கெடுக்குது. சீடர், பைன் மாதிரி மெது மரத்துக்கு 500, 600 பிஎஸ்ஐ (தண்ணி அழுத்தத்தோட அளவு) போதும். வாடகைக்குக் கிடைக்கறது 2000க்கு மேல தள்ளும். கிட்டப் பிடிச்சா மரத்தோட மெது நார் பிய்ஞ்சு மேற்பரப்பு பஞ்சு மாதிரி எழும்பிடும், அப்புறம் அதுவே தண்ணியைக் குடிக்கும். விசிறி மாதிரி விரியற 40 டிகிரி முனை, ஒரு அடி தூரம், மரத்தோட ரேகை போற திசையில மட்டும்.

பாசிக்கும் நரைக்கும் குளோரின் பிளீச் வேண்டாம், அது நாரைத் தின்னும், ஆணியை அரிக்கும். சோடியம் பெர்கார்பனேட் தூள் நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு கப். ஊத்தி 15, 20 நிமிஷம் காயாம ஈரமாவே வச்சு, நைலான் பிரஷ்ஷால தேய்ங்க. கம்பி பிரஷ் வேண்டாம், உடைஞ்ச துணுக்கு மரத்துல குத்தி நின்னு துருப்பிடிச்சுக் கறுப்புப் புள்ளியா வரும். கலக்கின கரைசலை மூடி போட்ட பாட்டில்ல வைக்காதீங்க, வாயு கிளம்பி வெடிச்சிடும். கறுத்த வட்டத்துக்கு அப்புறமா ஆக்ஸாலிக் ஆசிட், கையுறை கண்ணாடியோட.

பெயின்ட் உரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: நிக்கற பரப்புல படலமா நிக்கற பூச்சு. ஈரம் கீழேர்ந்து ஏறும், மேல படலம் விடாது, குளிர்ல உறைஞ்சு பிளந்துடும். மரத்துக்குள்ள ஊறற எண்ணெய் வகை செமி டிரான்ஸ்பரண்ட் ஸ்டெயின் (மர ரேகை தெரியற மாதிரி நிறம் குடுக்கறது) எடுத்தா அடுத்த தடவை சுரண்ட வேண்டியதில்ல.

ஏஜாக்ஸ்_வளவு:

இரண்டு பேருக்கும் நன்றி. கீழே போய்ப் பார்த்தேன். டெக் சுவரோடு பூட்டப்படவில்லை. வீட்டுப் பக்கம் மூன்று தூண், முன்பக்கம் மூன்று, இரண்டிலும் வளை. ஒரு ஹேங்கர் துருப்பிடிச்சு அடி தேஞ்சு கிடக்கு. படிக்கட்டுச் சட்டத்தின் கால் பக்கத்தில் ஸ்க்ரூட்ரைவர் ஒரு அங்குலம் உள்ளே போகுது. தூண்கள் நல்லம். அடிப்பக்கம் மரம் தெளிவாகப் பச்சை.

மார்க்கம்_தச்சர்:

பச்சை என்றதால் மிச்சிகன் நண்பர் எழுதின கழுவுமுறையை நிறுத்துங்கோ. அது சீடருக்கும் புது மரத்துக்கும் சரியான முறை, உங்களுடையதற்கு இல்லை.

1999இல் பச்சை மரம் என்றால் சிசிஏ ஏற்றின மரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கோ: செம்பு, குரோமியம், ஆர்செனிக். வீட்டுப் பாவனைக்கு அந்த மரத்தைத் தயாரிப்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் 2003 முடிவோடு நின்றது. பிளீச், பெர்கார்பனேட், ஆக்ஸாலிக் அசிட், பெயின்ற் உரிக்கிற காரம் எதுவும் அந்த மரத்தில் போடக்கூடாது. அதில் அடங்கிக் கிடக்கிற குரோமியத்தை அவை நச்சு வடிவத்துக்கு மாற்றக்கூடும். மெஷினால் தேய்த்துத் தூள் பறக்க விடுவதும், பிரஷர் வாஷரால் வளவு முழுக்கச் சிதற விடுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் மெதுவான பிரஷ்ஷும் தோட்டக் குழாயும் போதும். கழற்றும் துண்டுகளை ஒருபோதும் எரிக்காதேங்கோ, சாம்பலில் ஆர்செனிக் அப்படியே நிற்கும்.

இப்ப உங்கட சிக்கல், உரியிற பெயின்ற்றைத் தேய்க்கவும் ஏலாது, மருந்து போடவும் ஏலாது. என் அபிப்பிராயம்: சட்டகம் நல்லம் என்றபடியால் மேல் பலகையை மட்டும் மாற்றுங்கோ. ஐந்தரை அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, 16 அடி நீளப் பலகை 26 வேணும். ஜொயிஸ்ட் 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 13 வரும். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஸ்க்ரூ, ஆக 676. இரண்டரை அங்குல ஸ்க்ரூ 750 வாங்குங்கோ, பெட்டியில் பிரஷர் ட்ரீட்டட் (அழுத்தத்தில் மருந்து ஏற்றின) மரத்துக்கு என்று போட்டிருக்கவேணும். இப்ப வாற மரத்தில் செம்பு கூட, சாதாரண இரும்பை அது கெதியாக அரிக்கும். ஹேங்கரும் உருக்கின துத்தநாகத்தில் சூடாக முக்கினதாக இருக்கட்டும். பலகை போடமுதல் ஜொயிஸ்டின் மேல் விளிம்பில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ஒட்டு நாடா) ஒட்டினால் பழைய ஸ்க்ரூ ஓட்டைகளால் தண்ணீர் இறங்காது. பலகை ஈரமாக வந்தால் இடைவெளி விடாமல் நெருக்கிப் போடுங்கோ, காய்ந்து தானாக எட்டில் ஒரு அங்குலம், கூடவும் விடும். வெட்டின முனை எல்லாவற்றுக்கும் எண்ட் கட் மருந்து (வெட்டுமுனை உக்காமல் பூசுவது) இரண்டு தடவை, மறக்காமல்.

படிக்கட்டுச் சட்டம் ஒரு அங்குலம் உக்கினால் ஒட்டுப்போட்டு ஏமாற்றாமல் மாற்றுங்கோ, அடியில் கொன்கிரீட் கல் வைத்து மண்ணிலிருந்து பிரியுங்கோ.

சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் டெக்குக்கு வேறொரு பலவீனம், பக்கவாட்டு ஆட்டம். ஒருவர் மேலே நின்று இடுப்பை அசைத்து ஆட்டட்டும், நீங்கள் கீழே தூணைப் பாருங்கோ. கண்ணுக்குத் தெரிய ஆடினால் தூணுக்கும் வளைக்கும் இடையில் 45 பாகையில் குறுக்குச் சட்டம் போடவேணும், இரண்டு முனையும் போல்ட்டில். ரெயிலிங் தூணையும் அரை அங்குல போல்ட் இரண்டால் இறுக்குங்கோ. உங்கட உயரத்துக்கு ஒன்ராறியோவில் 900 மில்லிமீற்றர் உயர ரெயிலிங் வேணும், இடைவெளியால் 100 மில்லிமீற்றர் பந்து போகக்கூடாது.

ஐம்பது பேர் கணக்கு: சதுர அடிக்கு 40 இறாத்தல் சுமைக்குத்தான் டெக் கட்டுவது. 192 சதுர அடிக்கு 7680 இறாத்தல், அதாவது 3480 கிலோ அளவு. ஐம்பது பேர் ஆளுக்கு 70 கிலோ என்றால் அதுவே 3500, மேசை கதிரை சேர்க்காமல். அதுவும் புது டெக்குக்கான கணக்கு. இருபது பேர் மேலே, மற்றவை புல்லில். பாட்டுப் போட்டு எல்லாரும் சேர்ந்து துள்ளுவது புல்லில்தான்.

மிச்சிகன்_வாசி:

தச்சர் சொன்னது சரி, சிசிஏன்னா என் முறை வேண்டாம். புதுப் பலகைக்கு ஸ்டெயின் மட்டும் சொல்றேன்.

புது ட்ரீட்டட் பலகை உள்ளே ஈரமா இருக்கும், உடனே பூசினா ஊறாது. அஞ்சாறு இடத்துல தண்ணி சொட்டு விட்டுப் பாருங்க: முத்து மாதிரி நின்னா இன்னும் காயலை, சில நிமிஷத்துல உறிஞ்சிட்டா பூசலாம். மே மாசம் பலகை போட்டீங்கன்னா ஆகஸ்ட் விசேஷத்துக்கு வெறும் மரமாவே இருக்கட்டும், செப்டம்பர்ல பூசுங்க. ராத்திரியும் 10 டிகிரிக்குக் கீழ போகக்கூடாது, ஒரு நாளைக்கு மழையே வரக்கூடாது. நேர் வெயில் விழற நேரத்துல பூசினா மேலயே காஞ்சு திட்டுத் திட்டா நிக்கும். ஒரே ஒரு மெல்லிசுப் பூச்சு, 15 நிமிஷம் கழிச்சு ஊறாம மினுக்கறதைத் துணியால துடைச்சிடுங்க. ரெண்டாவது பூச்சு பூசினா அழகா இருக்கும்னு தோணும், அதுதான் பிசுபிசுன்னு நிக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

அந்தத் துணிதான் ஆபத்து. எண்ணெய் ஸ்டெயின் துடைச்ச துணியைச் சுருட்டிப் பையில போட்டா, காயும்போதே சூடாகி நெருப்புக் குச்சி இல்லாமலே பத்திக்கும். வெளியே தரையில தனித்தனியா விரிச்சுக் காயப்போடுங்க, இல்லேன்னா தண்ணி நிறைச்ச தகர டப்பாவுல அமுக்கி மூடிடுங்க.

வெளியடுப்பு:

மீன் பொரியலைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. தாச்சியில் எண்ணெய் வைத்து டெக்கில் பொரிக்கவே வேண்டாம் தம்பி. ஈரமான மீன் விழுந்து எண்ணெய் பொங்கினால் அது நேரே பேர்னர் மேலே, அங்கிருந்து பலகைக்கு. புல்லில், வீட்டிலிருந்தும் டெக்கிலிருந்தும் 3 மீற்றர் தள்ளி, சமமான இடத்தில் அடுப்பை வையுங்கோ. தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், மீனைத் துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கோ, தாச்சிக்குப் பொருந்துகிற மூடி பக்கத்தில் இருக்கட்டும். பற்றினால் மூடி, வாயுவை நிறுத்து. தண்ணீர் ஊற்றினால் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பும்.

பாபிகியூ டெக்கில் வைக்கலாம், சுவரிலிருந்தும் ரெயிலிங்கிலிருந்தும் ஒரு மீற்றர் தள்ளி, கீழே எரியாத பாய் போட்டு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரமும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து இணைப்பில் பூசுங்கோ, குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் கழுத்தில் இருக்கிற திகதியைப் பாருங்கோ, கனடாவில் பத்து வருடத்துக்கு மேல் நிரப்பமாட்டார்கள். டெக்குக்குக் கீழே சிலிண்டர் வைக்காதேங்கோ. புரொப்பேன் காற்றை விடக் கனம், கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும்.

குளிர்காலத்துக்கு: இலை கொட்டி முடிய, பலகை இடைவெளியில் அடைந்த குப்பையைப் பட்டைக் கத்தியால் இழுத்துவிடுங்கோ, அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சாடிகளுக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டை. ஸ்னோ புதுசாக விழுந்தது பஞ்சுதான், அமர்ந்து ஈரமானது வேறு: அரை மீற்றர் இருந்தால் சதுர மீற்றருக்கு 150 கிலோவைத் தொடும், டெக் கட்டின சுமையில் முக்கால்வாசி அது. கூரையிலிருந்து சரிந்து ஒரே மூலையில் குவிவதைக் கவனியுங்கோ. பிளாஸ்ரிக் சவளால், பலகை போகிற திசையில் தள்ளுங்கோ, கடைசி ஒரு சென்ரிமீற்றரை விடுங்கோ. அள்ளினதை வீட்டுச் சுவரோரம் குவிக்கவேண்டாம், அதுவும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு) புகைக் குழாய்க்கு முன்னால் கூடவே கூடாது. வாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும்.

கல்லுப்பு ஆணியையும் ஹேங்கரையும் அரிக்கும், -10க்குக் கீழே வேலையும் செய்யாது. படிக்கட்டில் கல்சியம் மக்னீசியம் அசிற்றேற் போடுங்கோ, அது -7 வரை. அதைவிடக் குளிர்ந்தால் மணல் தூவுங்கோ, வசந்தத்தில் கூட்டி எடுக்கலாம்.

ஏஜாக்ஸ்_வளவு:

மிக்க நன்றி. படிக்கட்டும் ஹேங்கரும் இந்தக் கிழமை, பலகை மே நீள வார இறுதியில். பழைய தூண்களுக்குப் பதிலாகப் புதுத் தூண் போடவேண்டி வந்தால் எவ்வளவு ஆழம் தோண்டவேணும்?

மார்க்கம்_தச்சர்:

உறைபனி இறங்கும் ஆழம் எங்கட பக்கம் 1.2 மீற்றர், நாலு அடி. அதற்குக் கீழே அத்திவாரம் இருந்தால்தான் குளிர்காலத்தில் மண் தூணை மேலே தள்ளாது. தோண்டமுதல் ஒன்ராறியோ ஒன் கோலுக்கு அறிவியுங்கோ, நிலத்தடி வாயு, மின்சாரக் குழாய்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமான டெக் என்றபடியால் சட்டகத்தில் கைவைக்கமுதல் நகரசபையில் பேர்மிட்டையும் கேளுங்கோ.