அம்மாவுக்கு மாமோகிராபி (மார்பக எக்ஸ்ரே) அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, எப்படித் தயாராவது?

சேன்தெனி_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. புதுச்சேரியிலிருந்து பிரான்சின் ரெயூனியன் தீவுக்கு வந்து எங்களோடுதான் இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு அசுரான்ஸ் மலாதி (அரசு மருத்துவக் காப்பீடு) கடிதம் அனுப்பியிருக்கிறது. "கட்டி, வலி எதுவும் இல்லையே, எதற்கு?" என்கிறார். ஊரில் எடுத்த பழைய மாமோகிராபி படங்கள் இருக்கின்றன. அவை தேவையா? செலவு எவ்வளவு? எனக்கு 38, நானும் எடுக்கலாமா?

கதிர்_அறை:
எதுவும் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தச் சோதனையே, சகோதரி. கையில் தட்டுப்படும் முன்பே கண்டுபிடித்தால் அறுவை சிறிதாகும், கீமோ இல்லாமலே முடியவும் வாய்ப்புண்டு.

பழைய படங்களைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பிலிம் அல்லது சிடி வேண்டும். வருடக்கணக்கில் மாறாமல் இருக்கும் நிழல் பெரும்பாலும் தீங்கில்லாதது. ஒப்பிடப் படம் இல்லாவிட்டால் அதே நிழலுக்காக மறுபடி கூப்பிடுவார்கள், வீட்டில் எல்லோருக்கும் வீண் பயம்.

அன்று குளித்தபின் அக்குளிலும் மார்பிலும் டியோடரன்ட், பவுடர், கிரீம், விபூதி எதுவும் வேண்டாம். டியோடரன்ட்டில் உள்ள அலுமினியம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆரம்பநிலைப் புற்றுநோயின் சுண்ணாம்புப் புள்ளிகளும் அப்படித்தான் தெரியும். நீள கவுன் வேண்டாம், இடுப்புக்கு மேல் மட்டும் கழற்றினால் போதும் என்பதால் புடவை ரவிக்கையே தோது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், முதுகுப்பக்கம் தள்ளிவிட முடியுமா என்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம்: மேலிருந்து ஒன்று, அக்குளும் சேர்ந்து விழும்படி சாய்வாக ஒன்று. தகடு அழுத்துவது சில விநாடிதான். அழுத்தினால்தான் திசு பரவி, ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் தெரியும், கதிர்வீச்சும் குறையும். தோளை இறுக்கிக்கொண்டால் அக்குள் பகுதி படத்தில் விழாமல் போகும், மறுபடி எடுக்க நேரும். தோளைத் தளர்த்தி நிற்கச் சொல்லுங்கள்.

பாப்பியே_உதவி:
50 முதல் 74 வயது வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாமோகிராபிக்கு முழுச் செலவும் அசுரான்ஸ் மலாதியுடையது. கையிலிருந்து முன்பணமும் கட்ட வேண்டாம். கடிதத்தோடு கார்த் வித்தால் எனும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரேடியோலஜி மையத்தில்தான் ராந்தேவூ (நேரம் குறித்தல்) எடுக்க வேண்டும். கூடுதலாக எக்கோ (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தால் அது வழக்கமான விகிதத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மீதி உங்கள் மியூத்துவெல்லை (கூடுதல் தனியார் காப்பீடு) பொறுத்தது.

அன்றே ரேடியோலஜிஸ்ட் கையால் பரிசோதித்து, முதல் கருத்தைச் சொல்வார். "நார்மல்" என்றாலும் அது முடிவல்ல. படங்கள் இன்னொரு ரேடியோலஜிஸ்ட்டிடம் போகும். முதலில் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பியதை அவர் பிடிப்பதுண்டு. பொதுவாக இரண்டு வாரத்தில் முடிவு வரும். வராவிட்டால் "நல்லதுதான் போல" என்று விட்டுவிடாமல் விசாரியுங்கள்.

நோய்க்குறி:
உங்களுக்கு 38 என்பதால் கடிதம் வராது. 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை டாக்டரோ சாஜ்ஃபாம் எனும் மருத்துவச்சியோ மார்பைத் தொட்டுப் பரிசோதிப்பதே இங்குள்ள பரிந்துரை. இளம் வயதில் திசு அடர்த்தியாக, படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். அதனால் தப்பிப்போவது அதிகம். ஆனால் அம்மா, சகோதரி, சித்தி யாருக்காவது இளவயதில் மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார். இந்தப் புற்றுநோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு 30 வயதிலிருந்தே வருடாந்தர எம்ஆர்ஐ உண்டு.

இன்னொன்று: புதிய கட்டி, தோல் உள்ளிழுத்தல், ஆரஞ்சுத் தோல்போன்ற சொரசொரப்பு, காம்பில் ரத்தக் கசிவு, காம்பு புதிதாக உள்வாங்குதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. போன மாதம்தான் மாமோகிராபி நார்மல் என்றாலும் சரி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சேன்தெனி_மகள்:
மிக்க நன்றி. அறிக்கையில் முடிவைக் குறிக்க ஏசிஆர் என்று ஓர் எண் போடுவார்களாமே?

கதிர்_அறை:
ஆமாம். 1, 2 என்றால் கவலையில்லை. 0 என்றால் இன்னும் படமோ எக்கோவோ தேவை, அவ்வளவே. 3 பெரும்பாலும் தீங்கற்றது. சில மாதங்களில் மறுபடி பார்ப்பார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். 4, 5 என்றால் பயாப்சி: மரத்துப்போக ஊசி போட்டு, இன்னோர் ஊசியால் திசு எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரானால் ராந்தேவூ எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.