காப்பா போட்டு 'நாடுகடத்தல்': செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தண்டனையா?

வேலந்தாவளத்தான் கேட்டது:

எங்கள் வீடு கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். பக்கத்து வீட்டுப் பையன் மேல் நாலைந்து அடிதடி கேஸ். போன மாதம் காப்பா (கேரளத்தின் சமூகவிரோதச் செயல் தடுப்புச் சட்டம்) போட்டு, ஆறு மாதத்துக்குப் பாலக்காடு ஜில்லாவில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. மலையாளப் பேப்பரில் 'நாடுகடத்தி' என்றே போட்டிருந்தார்கள். டீக்கடையில் ஒரே சிரிப்பு. அவன் போன நாடு எது? செக்போஸ்ட் தாண்டி அவன் சித்தப்பாவின் கோழிப்பண்ணை. நாங்கள் தினமும் தக்காளி ஏற்றிப் போகிற வழி.

எனக்குச் சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அவன் அம்மா காலையில் தூக்குப்போசியில் சோறும் புளிக்குழம்புமாக நிற்பார், "தம்பி, அந்தப் பக்கமா போறியா?" என்று. என் ஸ்கூட்டரில்தான் போவார். அவன் புளியமரத்தடியில் நிற்பான். நாங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை ஓர் அடி முன்னால் வர மாட்டான். அங்கேயே சாப்பிட்டு, போசியைக் கழுவிக் கொடுப்பான்.

ராமனுக்குப் பதினாலு வருஷம் காடு. இவனுக்குக் கூப்பிடு தூரம். இதில் வலிப்பது தூரம் இல்லை என்றால் வேறு எது? சட்டப்படி இதற்குப் பெயர்தான் என்ன?

பழைய குமாஸ்தா:

பேப்பர்க்காரர்கள் சொல்லுக்கு மயங்காதீர்கள். இந்தியக் குடிமகனை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. முன்பு அந்தமானுக்கு அனுப்பிய தீவாந்திர தண்டனையைக்கூட 1955-ல் சட்டம் திருத்தி ஆயுள் தண்டனை ஆக்கிவிட்டார்கள். இது 2007-ல் கேரளம் கொண்டுவந்த சட்டம், 15-ஆம் பிரிவு. அதிகபட்சம் ஒரு வருஷம். தீர்ப்பு கிடையாது, முன்னெச்சரிக்கை உத்தரவு. அதனால் 'தண்டனை' என்று எழுத மாட்டார்கள், அனுபவிப்பது என்னவோ அதுதான். மீறி வந்தால் தனி கேஸ். அந்தம்மாவிடம் சொல்லி வையுங்கள், வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் முதலில் வக்கீலைப் பார்க்கட்டும்.

ஆரல்வாய்மொழிக்காரன்:

எங்கள் ஊர்தான் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் எல்லைக் கோடு. திவான் ராஜகோபாலாச்சாரியைத் தன் 'சுதேசாபிமானி' பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்த ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை, 1910 செப்டம்பர் 26-ல் பிரஸ்ஸைப் பூட்டி சீல் வைத்து, திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றினார்கள். இந்த வழியாகத்தான் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டது. 1956-ல் கோடு களியக்காவிளைக்கு நகர்ந்துவிட்டது. அவர் பிறந்த நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவருக்கு ஊர் திரும்பக் கொடுத்து வைக்கவில்லை, 1916-ல் கண்ணூரில் காலமானார். இடையில் அவருக்கும் மனைவி கல்யாணி அம்மாவுக்கும் வீட்டில் இடம் கொடுத்தவர் தரவத்து அம்மாளு அம்மா. எந்த ஊர் தெரியுமா? உங்கள் பாலக்காடு.

கிணற்றடி:

பழங்கால ஏதென்ஸில், யாரை வெளியேற்ற வேண்டுமோ அவன் பெயரைப் பானை ஓட்டில் எழுதி ஓட்டுப் போடுவார்கள். பத்து வருஷம் வெளியே போக வேண்டும், ஆனால் சொத்து அவனுடையதே. ரோமில் அப்படியில்லை. அங்கே உத்தரவின் பெயரே 'தண்ணீரும் நெருப்பும் மறுத்தல்'. நம் ஊர்விலக்கும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். கிணற்றில் தண்ணீர் கிடையாது, அடுப்புக்குக் கங்கு கிடையாது. ஊருக்குள்ளேயே இருந்தாலும் வெளியேதான். தூரம் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

வேலந்தாவளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. பாலக்காட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கிணற்றடி சொன்ன தண்ணீரும் நெருப்பும் படித்ததும் தூக்குப்போசிதான் ஞாபகம் வந்தது. அவனுக்கு அங்கே சித்தி சமைத்துப் போடுகிறார். சோற்றுக்குக் குறைவே இல்லை. இந்தம்மாதான் விடுவதில்லை.

முந்தாநாள் திரும்பும்போது போசி கனத்தது. பண்ணையிலிருந்து நாலு முட்டை போட்டுக் கொடுத்திருந்தான். செக்போஸ்ட்டில் யாரும் கேட்கவில்லை (பறவைக் காய்ச்சல் சமயமாக இருந்தால் முட்டைக்கும் தடைதான்). நேற்று வண்டியில் ஏறும்போது, "முட்டை எப்படி இருந்துச்சுங்க அக்கா?" என்றேன். பொரித்து அவனுக்கே எடுத்துப் போகிறாராம்.