கடலுக்குள் முங்கினால் எச்.ஆர்.வி. இரட்டிப்பாகிறது: கைக்கடிகாரக் கோளாறா, இதயக் கோளாறா?

நீரோடிக்காரன்:
சுற்றுலாப் பயணிகளைச் சிலிண்டருடன் கடலடிக்கு அழைத்துப் போகும் வேலை எனக்கு. இடம் கோவளம், குமரிக் கோவளம் அல்ல, திருவனந்தபுரத்துக் கோவளம். காலையில் படுக்கையில் கடிகாரம் காட்டும் எச்.ஆர்.வி. (இதயத் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கு) 45 மில்லி விநாடி. கடலுக்குள் 90, 110 என்று ஏறுகிறது. நாடித் துடிப்போ 50க்குக் கீழே. கூட்டாளிகள் 'எச்.ஆர்.வி. கூடினால் நல்லதுதான், உடம்பு இரும்பாகிவிட்டது' என்கிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள். யாரை நம்புவது?

குளச்சல் முக்குளிப்பான்:
தம்பி, இரும்பும் இல்லை, துருவும் இல்லை. கழுத்தளவு நீரில் நின்றாலே கைகால் ரத்தம் மார்புக்கு ஏறி இதயத்தை விரிக்கும். (முங்கும்போது சிறுநீர் முட்டுவதும் இதனால்தான்.) முகத்தில் குளிர்ந்த நீர் பட்டதும், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தாழ்த்தும். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் 30 மீட்டரில் மொத்தம் 4. அங்கே சாதாரணக் காற்றும் தரையில் 84 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். அதுவும் துடிப்பைக் குறைக்கும். நிதானமாக நீ விடும் மூச்சும் சேர்ந்துகொள்கிறது: இழுக்கையில் துடிப்பு விரையும், விடுகையில் தளரும். எண் ஏறாமல் என்ன செய்யும்? தரையில் எடுத்த எண்ணோடு அதை ஒப்பிடவே கூடாது.

பாறசாலை ஈ.சி.ஜி.:
அந்த 110ஐயே நான் நம்பமாட்டேன். மணிக்கட்டுக் கடிகாரம் தோலின் ரத்த ஓட்டத்தை ஒளியால் பார்க்கிறது. குளிரில் தோல் நாளங்கள் சுருங்கினால் ஒரு துடிப்பைத் தவறவிடும். 1,200 மில்லி விநாடி இடைவெளி 2,400 ஆகப் பதிவாகும். அப்படிச் சில பிழைகள் போதும், எச்.ஆர்.வி. எகிறிவிடும். இதயத்தின் மின்துடிப்பை நேராக அளக்கும் மார்புப் பட்டைதான் சரி. புளூடூத் நீருக்குள் எட்டாது என்பதால், தானே பதிந்துவைக்கும் பட்டையாக வாங்குங்கள்.

நீரோடிக்காரன்:
நன்றி அண்ணே. ஆடியில் கடல் சில்லிடும்போது, இறங்கியவுடன் நெஞ்சு ஒரு துடிப்பைத் தாண்டிப் போவதுபோல் இருக்கிறது. இதுவும் கடிகாரப் பிழையா?

பாறசாலை ஈ.சி.ஜி.:
கடிகாரத்துக்கு நெஞ்சு தெரியாது, உங்களுக்குத் தெரியும். குளிர் அதிர்ச்சி துடிப்பை விரட்ட, முகத்தில் படும் நீர் அடக்க, இரண்டும் மோதும்போது தாளம் தவறலாம். பலருக்கு ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் தாளம் தவறிய துடிப்பும் எச்.ஆர்.வி.யை உயர்த்திக் காட்டும் என்பதால், எண்ணை வைத்து ஆறுதல் அடைய முடியாது. ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஈ.சி.ஜி. பதிவுக் கருவி) மூன்றும் எடுத்து இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை முங்க வேண்டாம். ஹோல்டரோடு கடலில் இறங்கிவிடாதீர்கள். நனைந்தால் கருவிக்குக் காசு கேட்பார்கள்.