பத்மநாபபுரம் சுவரோவியப் படங்கள்: அனுமதி வாங்கியவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் சிறிய கலைக்கூடத்துக்காக, குமரி மாவட்டத்தின் ஓவியங்கள், சிற்பங்கள் பற்றி ஒரு நூல் தயாராகிறது. பதிப்பு வேலையும் பட அனுமதிகளும் என் பொறுப்பு.

சிதறால் சமணச் சிற்பங்களின் படங்கள் வந்துவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனைதான் பாக்கி. தக்கலைப் பக்கம் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. உப்பரிகை மாளிகையின் சுவரோவியங்களைப் படமெடுத்து நூலில் அச்சிட அங்கே அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விண்ணப்பத்தில் எதையெல்லாம் குறிப்பிட்டீர்கள், பிரதிகளின் எண்ணிக்கை, விற்பனை விலை எல்லாம் கேட்டார்களா, கட்டணம் எவ்வளவு வந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. அதே ஓவியங்களின் பழைய ஸ்டுடியோ படம் ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவு அழகு! எடுத்தவர் இப்போது இல்லை. ஓவியம் பல தலைமுறை பழையது, அதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் புகைப்படத்துக்கு, எடுத்தவர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வாரிசுகளிடம் எழுத்தில் வாங்காமல் அதைப் போட எனக்கு மனமில்லை. எடுத்தவர் பெயரும் படத்துக்குக் கீழே கட்டாயம் வரவேண்டும்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்காரர்களின் குடும்பங்களைத் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் தனிச்செய்தியில் சொல்லுங்கள். தமிழில் மாதிரி அனுமதிக் கடிதம் இருந்தால் அதையும் அனுப்புங்கள்.