கப்பி குட்டிங்கள காப்பாத்த ஐடியா சொல்லுங்க
வணக்கம் மக்களே, வீட்ல 2 அடி மீன் டேங்க்ல கப்பி, மோலி, நியான் டெட்ரா, ஒரு ஏஞ்சல் எல்லாம் ஒண்ணா தான் இருக்கு, இப்ப கப்பி குட்டி போட்ருக்கு, பாதிய ஏஞ்சல் முழுங்கிடுச்சு போல, மிச்சம் ஜாவா மாஸ் பாசிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. பிரீடிங் பாக்ஸ்ல (குட்டிங்கள தனியா வைக்கிற சின்ன பெட்டி) மாத்தணுமா, இல்ல ஹார்ன்வொர்ட் செடி நிறைய போட்டு அப்படியே விட்டா தப்பிச்சிருமா? கடைக்காரர் பாக்ஸ் வாங்குங்கன்றாரு (அவரு அப்படித்தான சொல்லுவாரு 😄). ஃபில்டர் இழுக்காம இருக்க வாய்ல ஸ்பாஞ்ச் மாட்டிட்டேன். தீனிக்கு ஃபிளேக்ஸ நைசா பொடி பண்ணி போடுறேன், ஆர்டீமியா (குட்டி இறால் மாதிரி உயிர்த்தீனி) குஞ்சு பொரிக்க வைக்க பொறுமை இல்ல, அவிச்ச முட்டை மஞ்சக்கரு துளியூண்டு போட்டா தண்ணி கெட்டுருமா? பொம்பள கப்பி ஒரு தடவ சேந்தாலே விந்த சேத்து வச்சுகிட்டு மாசாமாசம் குட்டி போடும், அதனால நிரந்தரமா ஒரு வழி வேணும், வளத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.