ராமேஸ்வரத்துல வீடு கட்ட ஆர்க்கிடெக்ட் எதுக்கு?

தங்கச்சிமடம்_தம்பி: நேத்து இங்க ஒருத்தர் எழுதினார்: "ஆர்க்கிடெக்ட் எலிவேஷன் வரைவார், அப்ரூவல் வாங்குவார், அவ்வளவுதான். கம்பியும் கவரும் (கம்பியை மூடுற கான்கிரீட் கனம்) மேஸ்திரி பாடு." நம்ம கரையில சன்ஷேடு உதிர்றது இந்த நினைப்பாலதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 படி கடலோரத்துக்குக் கவர் 45 மி.மீ., கான்கிரீட் பலம் எம்30 தரம். கடல் சாரல் அடிச்சா 50, எம்35.

மேஸ்திரி_மகன்: எழுதினது நான்தான். 125 மி.மீ. தளத்துல 45 கவர் விட்டா, 10 மி.மீ. கம்பியில பாதி 5ஐயும் கழிச்சா, கம்பி வேலை செய்ய மிச்சம் கனம் 75. தளம் தொங்கும். 25 விட்டா 95 கிடைக்கும், அடியில 10 பூச்சும் இருக்கு. போதும்.

தங்கச்சிமடம்_தம்பி: பூச்சு கவர்ல சேராது. தளத்தை 150 ஆக்குங்க, 45 கவர் விட்டும் 100 மிஞ்சும். ஆனா எடை கூடும், பீமும் அஸ்திவாரமும் மாறும். அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோட உட்கார்ந்து படத்துலயே தீர்க்கிறதுதான் ஆர்க்கிடெக்ட் வேலை. சென்ட்ரிங் அடிச்ச பிறகு தீராது.

மண்டபம்_காத்து: அதே ஐ.எஸ்.ல உப்புக்காத்து படாத பகுதிக்கு 30 போதும்னும் இருக்கே? அதை மட்டும் மறைக்கிறீங்க.

தங்கச்சிமடம்_தம்பி: ஒருபக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இந்தத் தீவுல உப்புக்காத்து படாத பக்கத்தைக் காட்டுங்க அண்ணே. எம்35 போட்டா 5 குறைச்சு 40 விடலாம், அதுக்குக் கீழ கிடையாது.

கீழக்கரையான்: எங்க ஊர்ல பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின பழைய வீடு இன்னும் நிக்குது. அதுக்கு எத்தனை மி.மீ. கவர் விட்டாங்க?

தங்கச்சிமடம்_தம்பி: கம்பியே இல்லாத சுவத்துல எது துருப்பிடிக்கும் அண்ணே? அந்த வீட்டுக்கு எமன் சிமென்ட் பூச்சு. ஈரம் வெளியேற வழியில்லாம உப்பு கல்லை அரிக்கும். சுண்ணாம்புதான் பூசணும். அதைப் பார்த்துச் சொல்றதும் ஆர்க்கிடெக்ட் வேலைதான்.

கீழக்கரையான்: சுண்ணாம்பைப் பத்தி எங்களுக்கே பாடமா? சரிதான்.

மேஸ்திரி_மகன்: பேச்சை மாத்தாதீங்க. 25.

தங்கச்சிமடம்_தம்பி: மாத்தல. சன்ஷேடுல மெயின் கம்பி மேல்பக்கம் வரணும். கான்கிரீட் போடுறப்ப ஆள் மிதிச்சா அது அடியில இறங்கிடும். கம்பி கீழ, விரிசல் மேல. உப்பு உள்ள போகும், துரு பல மடங்கு பருத்து கான்கிரீட்டைத் தள்ளும். மேல்கம்பி இறங்காம தாங்குற 'சேர்' (நாற்காலி மாதிரி வளைச்ச) கம்பி கொடுங்க. கவருக்கு ஜல்லித் துண்டு வைக்காதீங்க, அதே பலத்துல வார்த்த கட்டி வைங்க. கட்டுக்கம்பி நுனியை உள்பக்கமா மடக்குங்க, வெளிய நீட்டினா துரு அங்கிருந்துதான் தொடங்கும். போர் தண்ணியைச் சோதிங்க, குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டினா கலவைக்கு ஆகாது.

மேஸ்திரி_மகன்: எல்லாம் சரி, இதைப் பார்க்க ஆர்க்கிடெக்ட் என்னைக்குச் சைட்டுக்கு வந்தார்? கான்கிரீட் அன்னிக்குப் போன் எடுக்க மாட்டார், ஃபீஸ் மட்டும் முன்கூட்டியே.

தங்கச்சிமடம்_தம்பி: மேற்பார்வைக்கு ஃபீஸ் தர மாட்டோம்னு படத்தை மட்டும் வாங்கிட்டுப் போனா யார் வருவா? கம்பி கட்டி முடிச்சதும் ஒரு தடவை, கான்கிரீட் அன்னிக்கு ஒரு தடவைன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க.

மண்டபம்_காத்து: இங்க யாரு அதெல்லாம் எழுதுறா? உள்சுவர் பக்கம் 30தான்.

மேஸ்திரி_மகன்: 25. பூச்சோட சேர்த்து 35.

தங்கச்சிமடம்_தம்பி: பூச்சு சேராது.