வின் பேக்கர் யார்? ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர்?

வேலூர் செந்தில்:
பழைய புத்தகக் கடையில் 'தி ஈவில் ஃப்ரெண்ட்ஷிப்' கிடைத்தது. 1954-ல் நியூசிலாந்தில் இரண்டு பள்ளி மாணவிகள் சேர்ந்து ஒருத்தியின் அம்மாவையே அடித்துக் கொன்ற வழக்கை வைத்து எழுதியதாம். ஆசிரியர் வின் பேக்கர். தேடினால் மேரிஜேன் மீக்கர் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயர் வருகிறது. இன்னோரிடத்தில் எம்.ஈ.கெர், இளையோர் நாவலாசிரியர் என்கிறார்கள். எல்லாம் ஒரே ஆளா? பெண் என்று தெரிந்தால் விற்காது என்று பயமா?

க்ரைம்பிரியன்:
ஒரே ஆள்தான். நம்மூரில் ரங்கராஜன் சுஜாதாவானார், ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். அங்கே தலைகீழ், அவ்வளவுதான்.

மதுரை மாலதி:
அவ்வளவுதான் இல்லை சார். பயம் என்பதைவிடத் தொழில் சாமர்த்தியம் என்பேன். கல்லூரி முடித்து நியூயார்க் வந்த மீக்கருக்கு, கதைகளைப் பத்திரிகைகளிடம் விற்றுத்தரும் ஏஜென்ட் யாரும் கிடைக்கவில்லை. தானே ஏஜென்ட் ஆகிவிட்டார்! லெட்டர்ஹெட் அடித்து, "என்னிடம் ஒரு நல்ல எழுத்தாளர் இருக்கிறார்" என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் போடுவார். அந்த எழுத்தாளர்கள் அத்தனை பேரும் அவரேதான். 1951-ல் லேடீஸ் ஹோம் ஜர்னல் 'லாரா வின்ஸ்டன்' கதையை 750 டாலருக்கு வாங்கியது.

அடுத்த வருடம் கோல்ட் மெடல் வெளியீடாக 'ஸ்ப்ரிங் ஃபயர்', 25 சென்ட் பேப்பர்பேக். வின் பேக்கர் பிறந்தது அதில்தான். இரண்டு கல்லூரிப் பெண்களின் காதல் கதை. முடிவு நல்லபடியாக இருந்தால், அந்தக் காதலை ஆதரிக்கிறது என்று தபால் துறை பிரதிகளைப் பறிமுதல் செய்துவிடும் என்று எடிட்டர் டிக் கேரல் சொல்லிவிட்டார். அதனால் ஒருத்தி மனநல விடுதிக்குப் போகிறாள். புத்தகம் பதினைந்து லட்சம் பிரதி போனது. அந்த முடிவில் மீக்கருக்கே திருப்தியில்லை, மறுபதிப்புக்கு 2004 வரை சம்மதிக்கவேயில்லை.

இவ்வளவு விற்றபின் ஏன் க்ரைம்? அந்தக் காலத்தில் பேப்பர்பேக்கை எந்த விமர்சகரும் சீந்த மாட்டார். நியூயார்க் டைம்ஸில் ஆந்தனி பவுச்சர் மட்டும் க்ரைம் என்றால் மலிவுப் பதிப்பையும் படித்து எழுதுவார். மீக்கர் அதைக் கவனித்துத்தான் இந்தப் பக்கம் வந்தார். பவுச்சரும் மனம்விட்டுப் பாராட்டினார். பெண்களை நேசிக்கும் பெண்களின் வாழ்க்கை பற்றிய கட்டுரை நூல்களுக்கு ஆன் ஆல்ட்ரிச், 1972 முதல் இளையோர் நாவல்களுக்கு எம்.ஈ.கெர் என்று சரக்குக்கொரு பெயர் வைத்துக்கொண்டார். 2022-ல், 95 வயதில் காலமானார்.

வேலூர் செந்தில்:
ஏஜென்ட் கதை அபாரம் மேடம்! அடுத்து எதைப் படிக்கலாம்?

மதுரை மாலதி:
'விஸ்பர் ஹிஸ் சின்' (1954). பெற்றோருக்கு ஷாம்பெயினில் சயனைடு கலந்து கொடுத்த நியூயார்க் பையனின் வழக்கிலிருந்து வந்தது. துப்பறிவாளர் வந்து முடிச்சவிழ்ப்பார் என்று காத்திருக்காதீர்கள். அவருடைய நல்ல நாவல்களில் யார் கொலையாளி என்பது கேள்வியே இல்லை, அந்தப் பிள்ளை அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதுதான் கதை. எனக்கு அதுதான் பிடிக்கும். என் தம்பிக்கு அதுவே அறுவை. ஸ்டார்க் ஹவுஸ் பதிப்பகம் இதையும் உங்களிடம் இருப்பதையும் ஒரே தொகுதியாகப் போட்டிருக்கிறது. பழைய அட்டைப்படம்தான் முக்கியம் என்றால் தனித்தனியாகத் தேடுங்கள், விலை கூடும்.